எப்போதாவது எடுக்கும் காருக்கு ஹைபிரிட் தேவையா? முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

வருடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாத ஒருவர் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கார்) வாங்கலாமா என்று ஷோரூமில் கேட்டால், பதில் மைலேஜில்தான் ஆரம்பிக்கும். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று அவர்கள் சொல்லும் எண் பொய்யில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. குறைவாக ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் செலவே சின்னச் செலவு. அதில் மூன்றில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தாலும் மிச்சமாவது சின்னத் தொகைதான். போதாததற்கு, ஹைபிரிட் என்பது ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய வண்டி. நிறுத்தியே வைத்தால் சில விஷயங்களில் சாதாரண பெட்ரோல் காரைவிடச் சீக்கிரம் முரண்டு பிடிக்கும்.

அதற்காக "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடவும் முடியாது. தினமும் 2 கி.மீ. போய்வருபவரும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 150 கி.மீ. போகிறவரும், 6 கி.மீ. தூரத்தை முக்கால் மணி நேர நெரிசலில் கடக்கிறவரும் வருட முடிவில் குறைவான கிலோமீட்டர்தான் காட்டுவார்கள். மூவருக்கும் பதில் வேறு வேறு. எவ்வளவு குறைவாக ஓட்டுகிறீர்கள் என்பதைவிட எப்படிக் குறைவாக ஓட்டுகிறீர்கள் என்பதுதான் இங்கே கணக்கு.

படி 1: நான்கு வாரம் எழுதி வையுங்கள்

ஞாபகத்தை நம்ப வேண்டாம். எல்லோரும் தாங்கள் ஓட்டுவதைக் கூட்டியே சொல்வார்கள். இப்போது இருக்கும் வண்டியில் ஒரு சின்ன நோட்டைப் போட்டு, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஓடோமீட்டர் எண்ணையும், கிளம்பிய நேரம், நிறுத்திய நேரத்தையும் குறியுங்கள். வண்டி நின்று நாலைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் பக்கத்தில் "குளிர்" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இன்ஜின் ஆறிவிட்டது என்று அதற்குப் பொருள்.

நான்கு வாரம் முடிந்ததும் நான்கு எண்களை எடுங்கள்: மொத்தக் கிலோமீட்டர், மொத்த மணி நேரம், குளிர்ந்த இன்ஜினோடு கிளம்பிய தடவைகள், வண்டி தொடர்ந்து நின்ற அதிகபட்ச நாட்கள். கிலோமீட்டரை மணி நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். அது 15-க்குக் கீழே இருந்தால் நீங்கள் ஓட்டுவதைவிட நெரிசலில் நிற்பதுதான் அதிகம். 30-க்கு மேல் இருந்து, ஒவ்வொரு பயணமும் 4 கி.மீ.க்குள் முடிகிறது என்றால் இன்ஜின் சூடாகும் முன்பே வீடு வந்துவிடுகிறது. நின்ற நாட்கள் 14-ஐத் தாண்டினால் படி 5-ஐ இரண்டு முறை படியுங்கள்.

படி 2: எந்த ஹைபிரிட் என்று தெளிவாகக் கேளுங்கள்

பின்கதவில் ஒட்டியிருக்கும் "ஹைபிரிட்" என்ற எழுத்துக்குள் மூன்று வேறு வண்டிகள் ஒளிந்திருக்கின்றன.

மைல்டு ஹைபிரிட்டில் பெரும்பாலும் 48 வோல்ட் வரையிலான சின்ன பேட்டரியும், ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டருமாக வேலை செய்யும் ஒரு மோட்டாரும் இருக்கும். இன்ஜினுக்கு ஒரு கை கொடுக்கும், அவ்வளவுதான். பெரும்பாலானவற்றில் மோட்டார் மட்டும் வண்டியைத் தள்ளாது. குறைவாக ஓட்டுபவருக்கு இதைப் பெட்ரோல் கார் என்றே கணக்கில் வைத்துக்கொள்ளலாம். நல்லதோ கெட்டதோ பெரிய வித்தியாசம் இல்லை.

ஸ்ட்ராங் ஹைபிரிட்தான் பலரும் மனதில் வைத்துக் கேட்பது. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ப்ரியஸ் பிரபலமாக்கிய வகை இது. பேட்டரியின் கொள்ளளவு ஒன்று, ஒன்றரை கிலோவாட் மணி அளவில் இருக்கும். மெதுவான வேகத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டுமே பேட்டரியில் போகும். சுவரில் செருகிச் சார்ஜ் செய்ய வழியில்லை. பிரேக் அழுத்தும்போது கிடைக்கும் மின்சாரமும் இன்ஜின் தரும் மின்சாரமும்தான் இதற்குச் சோறு.

பிளக்-இன் ஹைபிரிட்டில் அதைப்போலப் பல மடங்கு பெரிய பேட்டரி. சுவரில் செருகலாம், மாடலைப் பொறுத்து 40 கி.மீ. அல்லது அதற்கு மேலும் பெட்ரோலே இல்லாமல் போகலாம். ஆனால் நிறுத்தும் இடத்தில் சார்ஜ் செய்ய வசதி இல்லாதவருக்கு இது வீண்சுமை. காலி பேட்டரியின் எடையையும் இழுத்துக்கொண்டு பெட்ரோலில் ஓடும்.

இனிமேல் இந்தக் கட்டுரையில் ஹைபிரிட் என்று மட்டும் வந்தால் அது ஸ்ட்ராங் ஹைபிரிட்.

படி 3: முதல் ஐந்து நிமிடத்தைப் பாருங்கள்

காலையில் குளிர்ந்த வண்டியில் ஏறி பட்டனை அழுத்துகிறீர்கள். ‘ரெடி’ விளக்கு எரிகிறது, சத்தமில்லை. பத்து இருபது வினாடி நகர்வதற்குள் இன்ஜின் கிளம்பிவிடுகிறது. பேட்டரி பாதிக்கு மேல் நிரம்பித்தானே இருக்கிறது, ஏன்? புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் வேலை செய்யும். அதைச் சூடாக்கத்தான் இன்ஜின் ஓடுகிறது. அதற்குப் பிறகும் இன்ஜினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓரளவு சூடாகும்வரை சிக்னலில் நின்றாலும் இன்ஜின் அணையாது. குளிருக்கு ஹீட்டர் போட்டிருந்தால் இன்னும் நேரமாகும்.

முதல் கிலோமீட்டர் இப்படிப் போகிறது, இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு சிக்னலில் இன்ஜின் முதல் முறையாக அணைகிறது. அடுத்த திருப்பத்தில் நீங்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடுகிறது. எந்த வித்தைக்காகக் கூடுதல் காசு கொடுத்தீர்களோ, அது ஆரம்பிக்கும் நேரத்தில் வண்டியைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள்.

இதில் மைலேஜ் மட்டும் போவதில்லை. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக எரியாமல் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கும். எரிந்ததில் உண்டாகும் நீராவியும் உள்ளே படியும். இன்ஜின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். ஓடாவிட்டால் அங்கேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் அது ஈரம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். (ஈரம் குளிர்ந்த பருவத்தில் எந்தக் காரிலும் கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால்தான் வேறு கோளாறு.) ஹைபிரிட்டில் இன்ஜின் அவ்வப்போது அணைவதால் சூடாக இன்னும் நேரமாகும் என்பது இதில் கூடுதல் சங்கடம்.

படி 4: கணக்கை லிட்டரில் போடுங்கள்

காசில் கணக்குப் போட்டால் பெட்ரோல் விலை மாறும்போதெல்லாம் கணக்கும் மாறும். லிட்டரில் போட்டால் தெளிவாக இருக்கும். ஒரே காரின் ஹைபிரிட் விலைக்கும் பெட்ரோல் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, இன்றைய ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுங்கள். அந்தக் கூடுதல் விலை எத்தனை லிட்டருக்குச் சமம் என்று வரும். வரி, இன்சூரன்ஸ், கடன் வட்டி இவற்றில் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு அது 2,000 லிட்டர் என்று வைப்போம்.

பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கி.மீ., ஹைபிரிட் 22 கி.மீ. என்றால், வருடம் 20,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 1,429 லிட்டருக்குப் பதில் 909 லிட்டர் போதும். வருடத்துக்கு 520 லிட்டர் மிச்சம், நாலு வருடத்தில் கூடுதல் விலை திரும்பிவிடும். அதே வண்டியை வருடம் 4,000 கி.மீ. ஓட்டினால் 286-க்குப் பதில் 182. மிச்சம் 104 லிட்டர். 2,000 லிட்டரை ஈடுகட்ட 19 வருடம் ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

மூன்று கிலோமீட்டர் ஓட்டங்களே அதிகம் என்றால் இரண்டு வண்டியின் மைலேஜும் சரியும். பெட்ரோல் 10, ஹைபிரிட் 12.5 என்று விழுந்தால் வருட மிச்சம் 80 லிட்டர், கூடுதல் விலை திரும்ப 25 வருடம். அதற்குள் வண்டியே இருக்காது.

நெரிசலில் மட்டும் கணக்கு தலைகீழ். நின்ற இடத்தில் ஓடும் பெட்ரோல் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் குடிக்கும், ஏ.சி. போட்டால் இன்னும் கூடும். ஹைபிரிட்டில் ஏ.சி. கம்ப்ரஸரே மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜின் அவ்வப்போது கிளம்பி பேட்டரியை நிரப்பிவிட்டு அணைந்துவிடும். அந்தச் சாலையில் பெட்ரோல் கார் 8, ஹைபிரிட் 15 என்று கொடுத்தால், 4,000 கி.மீ.க்கு 500-க்குப் பதில் 267 லிட்டர். மிச்சம் 233. எட்டரை வருடத்தில் திரும்பும். லாபம் என்று சொல்ல முடியாது, ஆனால் பேசிப் பார்க்கக்கூடிய எண்.

இந்த மைலேஜ் எண்களெல்லாம் உதாரணங்கள்தான். உங்கள் இடத்தில் நீங்கள் பார்க்கும் எண்களைப் போட்டுப் பாருங்கள். விளம்பர மைலேஜைப் போடாதீர்கள்.

பழைய வண்டி விற்கும் விலையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஐந்து வருடமான அதே மாடலின் ஹைபிரிட்டும் பெட்ரோலும் என்ன விலைக்குப் போகின்றன? கூடுதல் விலையில் பாதி அங்கே திரும்பிவிடும் என்றால், மேலே 2,000 என்று போட்ட இடத்தில் 1,000 போடலாம்.

படி 5: சின்ன பேட்டரிதான் ஆளைக் கவிழ்க்கும்

ஹைபிரிட் என்றால் எல்லோரும் பெரிய பேட்டரியைப் பற்றியே கவலைப்படுவார்கள். எப்போதாவது ஓட்டுபவரை நடுத்தெருவில் நிறுத்துவது பெரும்பாலும் 12 வோல்ட் சின்ன பேட்டரி.

இதன் வேலை இன்ஜினைச் சுற்றுவது அல்ல. கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ரிலே எனப்படும் மின் சுவிட்சுகளை மூடுவது. அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும் என்பதால் பல மாடல்களில் பேட்டரியும் சின்னதாகவே வைக்கிறார்கள். அந்தக் கொஞ்சமும் இல்லாவிட்டால், பெரிய பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தாலும் ‘ரெடி’ விளக்கு எரியாது. வீடு நிறைய அரிசி இருந்தும் அடுப்பு மூட்டத் தீக்குச்சி இல்லாத கதை.

நின்ற வண்டியிலும் அலாரம், ஸ்மார்ட் சாவியைத் தேடும் ஆன்டெனா, கடிகாரம், மொபைல் இணைப்பு எல்லாம் சொட்டுச் சொட்டாக உறிஞ்சும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு), வாரத்துக்கு 5, மாதத்துக்கு 21.6. 45 ஆம்பியர் மணி பேட்டரி முழுதாக நிரம்பி இருந்தாலே மாதக் கடைசியில் பாதி காலி. மூன்று வருடமான பேட்டரியில் மூன்றாவது வாரமே சந்தேகம். நிறுத்தியிருக்கும்போதும் படம்பிடிக்கும் டேஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் மணி. நாலே நாளில் பாதி போய்விடும்.

இதைத் தெரிந்துகொள்ள வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டியை நிறுத்தி ஒரு இரவு கழித்து, கதவைத் திறந்து சில நிமிடம் விட்டு கம்ப்யூட்டர்கள் அடங்கிய பிறகு அளந்து பாருங்கள். 12.6 முதல் 12.8 வோல்ட் வரை நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் அடுத்த முறை கிளம்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். 12.4-க்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்த ஈய பேட்டரிக்குள் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. ‘ரெடி’யில் இருக்கும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் சார்ஜ் ஏறுகிறது.

அளவு குறைந்தால் செய்ய மூன்று வழி உண்டு.

முதல் வழி, வாரம் ஒருமுறை ‘ரெடி’யில் வைத்து 40 முதல் 60 நிமிடம். ஓட்டினால் உத்தமம், நின்றபடியும் வைக்கலாம். பாட்டு மட்டும் கேட்கப் பட்டனை ஒருமுறை அழுத்தும் நிலையில் விட்டால் பேட்டரி ஏறாது, இறங்கும். ‘ரெடி’ என்ற எழுத்து தெரிய வேண்டும். இங்கே ஒரு கடும் எச்சரிக்கை: மூடிய கராஜில் இதைச் செய்யவே கூடாது. வண்டி சத்தமின்றி இருக்கிறதே என்று இறங்கிப் போய்விடுவீர்கள், பத்து நிமிடம் கழித்து இன்ஜின் தானாகக் கிளம்பும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால் வாயு வீட்டுக்குள்ளும் வரும். இறங்கும்போதெல்லாம் பட்டனை அணைத்து, விளக்கு போய்விட்டதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இரண்டாவது, பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்தால், பேட்டரி நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் மெயின்டெனன்ஸ் சார்ஜர். சின்ன பேட்டரி ஏ.ஜி.எம். (AGM, ஈய பேட்டரியில் ஒரு வகை) வகையா என்று பார்த்து அதற்கான அமைப்பில் போடுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

மூன்றாவது, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைப்பது. கேட்க எளிது. ஆனால் பல ஹைபிரிட்களில் இந்தப் பேட்டரி டிக்கியிலோ பின்சீட்டின் அடியிலோ இருக்கும், டிக்கியின் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. கேபிளைக் கழற்றிவிட்டு டிக்கியைச் சாத்தினால் வெளியிலிருந்து திறக்க முடியாது. முன்கதவைச் சாவிக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியால் திறந்து, பின்சீட்டைத் தாண்டி உள்ளே தவழ்ந்துதான் போக வேண்டும். அந்த உலோகச் சாவி எங்கே இருக்கிறது, எந்தக் கதவில் துவாரம் இருக்கிறது என்று வாங்கும் அன்றே பார்த்து வைப்பது நல்லது.

முழுதாக இறங்கிவிட்டால் ஜம்ப் ஸ்டார்ட் செய்யலாம், அதாவது இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பலாம். பேட்டரி பின்னால் இருந்தாலும் பானெட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட பாசிட்டிவ் முனை ஒன்று பல மாடல்களில் உண்டு. சிவப்பை அதில் மாட்டி, கறுப்பை வண்ணம் பூசாத உலோக இடத்தில் மாட்டுங்கள். மாறிப்போனால் ஃபியூஸோடு நிற்காது, விலை உயர்ந்த எலக்ட்ரானிக்ஸ் பாகங்களும் போகும். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து இன்னொரு காருக்குக் கொடுக்கும் உதவியை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள். இன்னொரு இன்ஜினைச் சுற்றும் கரன்ட்டைத் தர இந்த அமைப்பு செய்யப்படவில்லை, சில தயாரிப்பாளர்களின் கையேடும் வேண்டாம் என்றே சொல்கிறது.

ஸ்மார்ட் சாவியைக் காருக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். சாவி அருகிலேயே இருந்தால் காரும் சாவியும் இரவெல்லாம் பேசிக்கொண்டே இருக்கும்.

படி 6: பெரிய பேட்டரிக்கு வயது, கிலோமீட்டரில் ஓடாது

பெரிய பேட்டரியை வண்டியே 40 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வதால் ஒரு மாதம் நிற்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தானாக இறங்கும் குணம் அதற்கும் உண்டு. பழைய வகையான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் இது அதிகம், லித்தியத்தில் குறைவு. டொயோட்டாவின் கையேடுகள் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது 30 நிமிடம் அல்லது 16 கி.மீ. ஓட்டச் சொல்கின்றன. அது சாகாமல் இருக்க வேண்டிய குறைந்தபட்சம், வண்டி சுகமாக இருக்க அது போதாது. பெரிய பேட்டரியே முழுதாக இறங்கிப்போனால் வீட்டுச் சார்ஜரோ ஜம்ப் கேபிளோ உதவாது, தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டருக்குத்தான் வண்டியைத் தூக்கிப் போக வேண்டும். பெட்ரோல் தீர்ந்த பிறகும் "பேட்டரிதான் இருக்கிறதே" என்று ஓட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதே கதி.

இதைவிடப் பெரிய விஷயம், பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும் என்பது. வெயிலில் நிற்கும் வண்டியில் இன்னும் வேகமாக. பெரிய பேட்டரிக்கு வழக்கமாகத் தரப்படும் வாரன்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. (சில நிறுவனங்கள் கூடவும் தருகின்றன.) வருடம் 4,000 கி.மீ. ஓட்டுபவர் 8-வது வருடத்தில் 32,000 கி.மீ.தான் தொட்டிருப்பார். வாரன்டியில் ஐந்தில் ஒரு பங்கு கிலோமீட்டரைப் பயன்படுத்திவிட்டு, வருடத்தை முழுதாகத் தீர்த்திருப்பார். வண்டியைப் பதினைந்து வருடம் வைத்திருக்கும் எண்ணமா, அப்படியென்றால் ஒரு பேட்டரி மாற்றும் செலவை இன்றே விசாரித்து, படி 4-இல் வந்த லிட்டர் கணக்கில் கூட்டிப் பாருங்கள்.

பின்சீட்டின் ஓரத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறதா பாருங்கள். பல மாடல்களில் பெரிய பேட்டரி மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். துணிப்பை, போர்வை எதையும் அதன் மேல் சாத்தி வைக்காதீர்கள். அதில் ஃபில்டர் இருந்தால் வருடம் ஒருமுறை தூசி தட்டுங்கள்.

படி 7: நின்றே கெடும் மற்றவை

பிரேக்தான் இதில் ஹைபிரிட்டுக்கே உரியது. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டார் எடுத்துக்கொள்வதால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கும் அதை அழுத்தும் பேடும் உரசுவதே குறைவு. ஓடுகிற வண்டியில் அது வரம், பேட் வருடக்கணக்கில் வரும். நிற்கிற வண்டியில் மழை ஈரம் பட்டு டிஸ்க்கில் துரு படிகிறது, அதை உரசித் துடைக்க யாரும் இல்லை. கிளம்பும்போது முதல் பிரேக்கில் கரகரவென்று சத்தம் கேட்டு, நாலைந்து பிரேக்கில் மறைந்தால் பரவாயில்லை. மறையவில்லை என்றால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் பின்கள் இறுகத் தொடங்கியிருக்கலாம். காலிச் சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, நன்றாக அழுத்தி நாலைந்து முறை பிரேக் போடுவதை ஒவ்வொரு நீண்ட ஓட்டத்திலும் பழக்கமாக்குங்கள். வருடம் ஒருமுறை பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவச் சொல்லுங்கள். பேட் தேயவில்லை என்பதால் சர்வீஸில் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பெட்ரோல் மூன்று மாதத்தைத் தாண்டினால் தரம் குறையத் தொடங்கும், எத்தனால் கலந்தது ஈரத்தையும் இழுக்கும். 40 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 22 கி.மீ. என்றால் ஒரு டேங்க் 880 கி.மீ. வரும். வருடம் 4,000 ஓட்டுபவருக்கு அது இரண்டரை மாதம், எனவே ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பிரச்சினை இல்லை. பிளக்-இன் வைத்திருந்து பெரும்பாலும் மின்சாரத்திலேயே ஓட்டுபவருக்குத்தான் அதே பெட்ரோல் ஒரு வருடம் கிடக்கும். செவர்லே வோல்ட் காரில் இதற்கென்றே ஏற்பாடு வைத்தார்கள்: ஆறு வாரமாக இன்ஜின் ஓடவில்லை என்றால் ஓட்டச் சொல்லும், பெட்ரோல் ஒரு வருடத்துக்கு மேல் பழசானால் தானே எரித்துத் தீர்க்கப் பார்க்கும். பிளக்-இன் வாங்கினால் டேங்கில் 10, 15 லிட்டருக்கு மேல் வைக்க வேண்டாம். நெடுநாள் நிறுத்தும்போது பேட்டரியை முழுதாக நிரப்பாமலும் காலியாக விடாமலும் பாதியில் விடுங்கள்.

ஆயில், கூலன்ட், டயர் மூன்றும் கிலோமீட்டரைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டியவை. ஆயில் வருடம் ஒருமுறை, 2,000 கி.மீ.தான் ஓடியிருந்தாலும். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் வரிப்பள்ளங்கள் தேயாமல் புதிதாக இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் என்றால் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 8: முடிவு

உங்கள் நோட்டுக்கு இனி திரும்பலாம்.

சராசரி வேகம் குறைவு, வாரத்தில் மூன்று நாலு நாளாவது வண்டி நகர்கிறது, ஒவ்வொரு பயணமும் அரை மணிக்கு மேல் ஓடுகிறது என்றால் ஹைபிரிட் வாங்கலாம். பெட்ரோல் மிச்சத்தால் கூடுதல் விலை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், நெரிசலில் அதிர்வில்லாமல் நகரும் சுகம் உங்களுக்குத் தினமும் கிடைக்கும். அந்தச் சுகத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் வருத்தம் வராது.

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டியென்றால், ஹைபிரிட்டின் உடம்புக்குக் கேடில்லை. இன்ஜினும் சூடாகும், சின்ன பேட்டரியும் ஏறும். ஆனால் சீராகப் போகும் நெடுஞ்சாலையில் பிரேக் போடுவதே குறைவு என்பதால் மைலேஜ் வித்தியாசமும் குறைவு. பெட்ரோல் காரே போதும். பிடித்திருந்தால் வாங்குங்கள், கணக்குக் காட்டி வாங்காதீர்கள்.

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் என்றால் ஸ்ட்ராங் ஹைபிரிட் வேண்டாம். நிறுத்துமிடத்தில் சார்ஜ் செய்ய முடியுமென்றால் முழு மின்சாரக் கார் இந்த ஓட்டத்துக்குப் பொருத்தம், சூடாக வேண்டிய இன்ஜினே அதில் இல்லை. முடியாது என்றால் சின்ன பெட்ரோல் கார். டீசல் பக்கமே போகாதீர்கள். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும், மூன்று கிலோமீட்டரில் அந்தச் சூடு வராது, அடைத்துக்கொள்ளும்.

மாதக்கணக்கில் நிற்கும், சார்ஜர் மாட்ட பிளக்கும் இல்லை, வாரம் ஒருமுறை எடுத்து ஓட்ட ஆளும் இல்லை என்றால் ஹைபிரிட் கூடாது. அந்த நிலையில் வாடகைக் கார் மலிவா என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போடுவது தப்பில்லை.

பழைய ஹைபிரிட் வாங்குவதாக இருந்தால்

பத்து வருடத்தில் 25,000 கி.மீ. மட்டுமே ஓடிய ஹைபிரிட் விற்பனைக்கு வந்தால் புதையல் என்று பாயாதீர்கள். மேலே சொன்ன அத்தனை கோளாறும் ஒரே வண்டியில் குடியிருக்க வாய்ப்புள்ள வண்டி அது. ஆயில் மாற்றிய தேதிகளைக் கேளுங்கள், கிலோமீட்டரைக் கேட்காதீர்கள். சின்ன பேட்டரி எந்த ஆண்டு மாற்றியது, டயரின் நான்கு இலக்கம் என்ன, டிஸ்க்கின் ஓரத்தில் தடித்த துரு வரம்பு இருக்கிறதா, பின்சீட்டுத் துவாரத்தில் எலி கூடு கட்டிய அடையாளம் உண்டா என்று பாருங்கள். பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் போகும் தடித்த கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. கண்ணால் பாருங்கள், கை வைக்காதீர்கள்.

ஓட்டும்போது பெரிய பேட்டரியின் சார்ஜ் கோடுகளைக் கவனியுங்கள். ஒரு மேட்டில் ஏறும்போது நிறைவிலிருந்து ஒரேயடியாக அடிக்கு விழுந்து, இறங்கும்போது இரண்டு நிமிடத்தில் மறுபடி நிரம்பினால் பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிட்டது. வெயிலே இல்லாத நேரத்திலும் பின்சீட்டு ஓரத்து ஃபேன் இரைந்துகொண்டே இருந்தால் அதுவும் நல்ல அறிகுறி அல்ல. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு, பெரிய பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல் தொகுதியின் வோல்ட்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றாக ஏறி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் தனியே தாழ்ந்தால் வேண்டாம்.

இந்தச் சோதனைகள் எல்லாமே ஒரு இரவாவது நின்று ஆறிய வண்டியில்தான் செல்லும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில், வண்டியை அசைக்காமல் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.